கோபத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

என் அக்காவோடு நான் ஆறு வருஷம் பேசவில்லை. அதற்குக் காரணம் என் கழுத்துக்குள் இருந்த மொச்சைக்கொட்டை அளவு சதைத்துண்டுதான் என்று என் குடும்பம் முடிவு கட்டியது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் விஷயம் ஆஸ்பத்திரி, பத்தர் கடை, மாரியம்மன் கோயில் என்று ஊர் சுற்றி வந்துவிட்டதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இங்கே மலேசியாவில், பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. எந்த பஸ் எந்த கேட்டில் நிற்கிறது, எந்த ஷிப்ட் ஆட்கள் மழையில் நனைகிறார்கள், எவன் கறிபாப் வாங்கித் தின்ன வண்டியை ஓரங்கட்டினான் என்று வாக்கி டாக்கியில் விசாரித்து, விரட்டி, நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. முப்பத்தொரு பஸ், இருபத்திரண்டு வருஷம். டிரைவர்களுக்கு நான்தான் அக்கா. வாக்கி டாக்கி பழுதானாலும் அக்கா குரல் முன்கேட் வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை பதினேழாம் நம்பர் டிரைவரிடம் "எங்கடா நிக்கிறே" என்று ஆரம்பித்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. விலாவுக்குக் கீழே கத்தி பாய்ந்தது. மேசைக்கு அடியில் சுருண்டு விழுந்தேன். வாக்கி டாக்கியில் சத்தம் நின்றது. நான் திட்டினால் அந்தப் பயல்களுக்கு ஒன்றும் ஆகாது, காது பழகிவிட்டது. நான் பேசாமல் இருந்தால்தான் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று பயமாம். மூன்று பஸ்கள் ஆள் ஏற்றாமலே டிப்போவுக்குத் திரும்பி வந்தன, மன்னிப்புக் கேட்க. வந்தவர்கள்தான் என்னைத் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சிறுநீரகத்தில் கல். அது ஒரு வழியாக வெளியே வந்த பிறகும் டாக்டர்கள் என்னை விடவில்லை. ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருக்கிறது, அது ஏன் என்று தெரியவேண்டும் என்றார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஜொகூர் பாருவில் ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுச் சீனப் பெண். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன்.

அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம் ஒரு கழுத்தை வரைந்து, அதில் நாலு புள்ளி வைத்தார். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றனவாம். பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை ஒரு ஹார்மோனை அனுப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். போதும் என்றால் நிறுத்திக்கொள்ளும். உங்களுடையதில் ஒன்று வீங்கிவிட்டது போலிருக்கிறது, போதும் என்று சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறது என்றார். ரத்தத்தில் கால்சியம் இவ்வளவு இருக்கும்போது அந்த ஹார்மோன் அடங்கிக் கிடக்க வேண்டும். எனக்கோ அதுவும் ஏறிக் கிடந்தது. எலும்பு கரைகிறது, கரைந்தது ரத்தத்தில் சேர்கிறது, சிறுநீரகத்தில் போய்க் கல்லாகிறது. ஐம்பத்து மூன்று வயசு வரைக்கும் அப்படி ஒரு உறுப்பு எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

"இதனால வேற என்னா வரும் டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர். செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். எதையும் பட்டியலாகக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

"அசதி, தாகம், மலச்சிக்கல், மூட்டு வலி, ஞாபக மறதி. சில பேருக்கு மனசு சரியா இருக்காது. எதுக்கெடுத்தாலும் எரிச்சல். மரா-மரா." மரா என்றால் மலாயில் கோபம்.

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனிதர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

"எத்தன வருசமா இருக்கும் டாக்டர் இது?"

"சொல்ல முடியாது. பல வருசமாகூட இருக்கலாம்."

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். "பாருங்க, பாருங்க டாக்டர்," என்றார்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிகளைச் சொன்னார். கெட்டுப்போன சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுப்பது ஒன்று. நோயை அடியோடு தீர்ப்பது அதுதான். ஆபரேஷன் வேண்டாதவர்கள், முடியாதவர்கள் அடிக்கடி ரத்தமும் எலும்பும் சோதித்துக்கொண்டு காத்திருக்கலாம். கால்சியத்தை இறக்க மாத்திரை உண்டு, எலும்பைக் காப்பாற்ற மருந்து உண்டு. இரண்டும் சுரப்பியைச் சரிசெய்யாது. எந்த வழியானாலும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கால்சியம் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக்கூடாது. கல் வந்துவிட்டது, எலும்பும் மெலிந்திருக்கிறது, அதனால் உங்களுக்கு ஆபரேஷன்தான் நல்லது என்றார். ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் கம்மிப் போகலாம். சில சமயம் வெட்டித் திறந்த பிறகும் அந்தச் சுரப்பி கண்ணில் படாமல் போகலாம்.

"எடுத்துட்டா இவ கோபம் போயிடுமா?" இது என் கணவர்.

"சில பேருக்குக் குறையுது. சில பேருக்கு அப்படியே இருக்கு. அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். குரல் போனால் வேலை போய்விடும் என்று கணவரிடம் காரணம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. என் ரத்த ரிப்போர்ட்டை மனிதர் படமெடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட்டுவிட்டார். "கால்சியம் 2.87. இத்தனை நாள் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்" என்று கீழே ஒரு குறிப்பு. 2.6-ஐத் தாண்டக்கூடாதாம். அங்கிருந்து அது டிப்போவுக்கு எப்படிப் போனதோ, மறுநாள் நான் போனபோது பஸ் நம்பர் எழுதும் வெள்ளைப் பலகையின் மூலையில் "அக்கா 2.87" என்று எழுதியிருந்தது. அழித்தேன். மறுபடி எழுதினார்கள். லீவு கேட்க வருகிறவன் முதலில் பலகையைப் பார்த்தான். அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எண் இறங்கட்டும் என்று லீவு பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவன்கூட உண்டு.

அதைவிடப் பெரிய கொடுமை தண்ணீர். டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னது தெரிந்துபோனதால், நான் யாரையாவது திட்ட வாயைத் திறந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு பாட்டில் வந்துவிடும். "தண்ணி குடிங்க க்கா." டயர் பார்க்காமல் வண்டியை எடுத்தவனைக் கேட்டால் தண்ணீர். அரை மணி நேரம் லேட்டாக வந்தவனைக் கேட்டால் தண்ணீர். கேட்டில் காவல் நிற்கும் மலாய் ஜாகாக்காரர்கூட என் தலையைக் கண்டதும் ஒரு பாட்டிலை நீட்டப் பழகிவிட்டார். நான் என்ன சொன்னாலும் அது நான் சொன்னதாக இல்லாமல் போயிற்று. "அக்கா பேசல, கால்சியம் பேசுது லா" என்று என் காதுபடவே சொன்னான் பதினேழாம் நம்பர். அடப்பாவி, நீ லேட்டாக வந்தது உண்மையா இல்லையா!

அந்த வாரம்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது. ஆறு வருஷத்தில் முதல்முறை. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"ஒன்ன மன்னிச்சிட்டேன்டி," என்றாள். "பாவம், நீ என்னா பண்ணுவே. எல்லாம் அந்தக் கால்சியம் பண்ண வேல."

போனைச் சுவரில் அடித்திருப்பேன். எதிரே இரண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு தயாராக நின்றார்கள்.

இவள் என்னை மன்னிப்பதா? நல்லாயிருக்கே கதை! அம்மா கடைசி நாலு வருஷம் கூலாயில் அக்கா வீட்டில்தான் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எனக்குப் போன் வந்தது புதன்கிழமை மத்தியானம், எல்லாம் முடிந்த பிறகு. கூலாய் என்ன கடல் கடந்தா இருக்கிறது? முக்கால் மணி நேரம். பஸ்ஸில் வந்திருந்தாலும் பார்த்திருப்பேன். ஏன் கூப்பிடவில்லை என்று சாவு வீட்டிலேயே கேட்டேன். எல்லார் முன்னாலும் அக்கா சொன்னாள்: "நீ வந்தா வார்டுல சத்தம் போடுவே. அம்மா நிம்மதியா போகட்டும்னு நெனச்சேன்." அதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

அவளிடம் கேட்காத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. அம்மா என்னைக் கேட்டாரா? கேட்டார் என்றால் அக்காவை என்னால் தாங்க முடியாது. கேட்கவில்லை என்றால் அம்மாவை என்னால் தாங்க முடியாது. ஆகவே கோபமாகவே இருந்துவிட்டேன், அது சுலபம். இப்போது கழுத்தை வெட்டி அந்தக் கொட்டையை எடுத்து, கோபமும் அதோடு போய்விட்டால் என்ன அர்த்தம்? அக்கா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். என் அம்மாவின் கடைசி நாளை என்னிடமிருந்து பிடுங்கியது அக்கா இல்லை, என் சுரப்பி என்று ஆகிவிடும். நான் காத்திருக்கப்போகிறேன், ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் வாருங்கள், தண்ணீரை விடாதீர்கள் என்றார். தண்ணீருக்கா பஞ்சம்!

அதற்குள் அக்கா கூலாய் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டாள். எனக்கு நல்லபடியாகிவிட்டால் நோய் வந்த உறுப்பை வெள்ளியில் செய்து காணிக்கை போடுவதாக வேண்டுதல். கண் வலி என்றால் வெள்ளிக் கண், கால் வலி என்றால் வெள்ளிக் கால். எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் கண்ணுக்கும் காலுக்கும் கடையில் அச்சு இருக்கிறது. பாராதைராய்டுக்கு யார் அச்சு வைத்திருப்பார்கள்?

ஜொகூர் பாருவில் அக்கா வழக்கமாகப் போகும் பத்தர் எனக்கே போன் செய்தார். "அம்மா, கண்ணு இருக்கு, காது இருக்கு, வயிறு இருக்கு, புள்ளத் தொட்டிகூட இருக்கு. இது என்னா சாமான்னு வெளங்கல. ஒங்க அக்கா கழுத்துன்னு சொல்றாங்க, ஒங்க வீட்டுக்காரரு அட்டையில நாலு புள்ளி படம் அனுப்புறாரு. நாலா ஒன்னா?"

"கெட்டுப்போனது ஒன்னுதான்."

"அப்ப வீங்குன சைசா, நல்ல சைசா? வீங்குன மாதிரி செஞ்சு போட்டா ஆத்தா அதையே திருப்பிக் குடுத்துட்டா என்னா பண்றது?"

நியாயமான கேள்வி. நான் ஆபரேஷனே செய்துகொள்ளப் போவதில்லை, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம் என்றேன். அது ஒங்களுக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம், ஆர்டர் ஆத்தாளுக்கு எடுத்தது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஆபரேஷன் வரைக்கும் என்னைக் கொண்டுபோனது என் கைதான். ஒருநாள் பதினேழாம் நம்பர் இரண்டு ஷிப்ட் ஆட்களை மாற்றி மாற்றி வேறு வேறு தொழிற்சாலையில் இறக்கிவிட்டு வந்து நின்றான். பெட்ரோகெமிக்கல் ஆட்கள் பிஸ்கட் கம்பெனியில். நான் எழுந்தேன். அவன் பாட்டிலை நீட்டினான். எனக்கு வந்ததே ஆத்திரம், மேசையை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மணிக்கட்டில் விரிசல்.

"அலமாக்!" என்றான் அவன். மலாயில் ஐயையோ. அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேசைய அடிச்சா இதுக்கு முன்னாடி கை ஒடைஞ்சிருக்கா?" என்று கேட்டார். இல்லை, வாழ்க்கையில் எத்தனையோ மேசையை அடித்திருக்கிறேன் என்றேன். "எலும்பு அந்த அளவுக்குப் போயிடுச்சும்மா. இனிமே காத்திருக்கிறது நல்லதில்ல." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சரி என்றேன். கோபத்தைக் காப்பாற்றலாம் என்று பார்த்தால் அதைக் காட்டுவதற்குக் கை மிஞ்சாது போலிருந்தது.

ஸ்கேனில் இடதுபக்கம் கீழே இருப்பதுதான் குற்றவாளி என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். குரல் போய்விட்டால் டிப்போவை யார் நடத்துவது? இரண்டு நாள் உட்கார்ந்து திட்டுகளைப் போனில் பதிவு செய்து வைத்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது உயில் எழுதுவது மாதிரி. லேட்டாக வருகிறவனுக்கு ஒன்று, டயர் பார்க்காதவனுக்கு ஒன்று, சும்மா எம்.சி. என்று டாக்டர் சீட்டோடு லீவு எடுக்கிறவனுக்கு ஒன்று, பதினேழாம் நம்பருக்குத் தனியாக மூன்று. மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு, எப்போது எதை அனுப்புவது என்று கணவரிடம் சொல்லி வைத்தேன். ஸ்டோர்கீப்பர் ஆயிற்றே, பெயரைப் பார்த்துச் சரியாக எடுத்துக்கொடுப்பார்.

பதினைந்தாவதாக ஒன்று ஆரம்பித்தேன். "கூலாய்" என்று பெயர் வைத்தேன். ஆறு வருஷம் மனசுக்குள் திட்டிப் பழகியது, கொட்டித் தீர்த்துவிடலாம் என்று பட்டனை அழுத்தினேன். வார்த்தை வரவில்லை. மூச்சு விடும் சத்தமும் வெளியே பஸ் ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தமும்தான் பதிவாயிற்று. கடைசியில், "அம்மா என்னைய கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினேன். அழிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஞாபக மறதியும் இந்த நோயில் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது கழுத்தில் சின்னக் கட்டு. உதட்டிலும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்ந்தது. கால்சியம் சட்டென்று இறங்கினால் அப்படி இருக்குமாம். இத்தனை மாதம் கால்சியம் மாத்திரையைத் தொடாதே என்றவர்கள் இப்போது வேளாவேளைக்கு அதையே விழுங்கு என்று கொடுத்தார்கள். குரல் நிஜமாகவே கம்மிவிட்டது. நரம்பு கொஞ்சம் அதிர்ச்சியில் இருக்கிறது, அறுக்கப்படவில்லை, தானாகத் திரும்பும், அதுவரை கத்தவே கூடாது என்றார் சர்ஜன். இதைக் கேட்ட என் கணவர் அவர் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், கால்சியம் சரியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, "வா, ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரலாம்," என்று கணவர் காடிக் கதவைத் திறந்து என்னை ஏற்றினார். நெடுஞ்சாலையில் கூலாய்ப் பலகை வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. திருப்புங்க, திருப்புங்க என்றேன். காற்றுதான் வந்தது. அவர் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார். குரல் இல்லாதவளைக் கடத்துவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அக்கா வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆறு வருஷம் கழித்துப் பார்க்கிறவளிடம் நலம் விசாரிப்பாள் என்று பார்த்தால், "வாடி, ஒன் கண்ணு கூர்மை. சீக்கிரம் உள்ள வா," என்றாள்.

நடந்தது இதுதான். பத்தர் ஆத்தாளுக்கு ஆகாதது வேண்டாம் என்று நல்ல சுரப்பியின் அளவிலேயே, அச்சு அசல் அரிசி மணியாக வெள்ளியில் செய்து கொடுத்துவிட்டார். காணிக்கைப் பொருளை வெறும் தட்டில் வைக்கக்கூடாது என்று அக்கா சாமி மேடையில் பச்சரிசி பரப்பி, அதன்மேல் வைத்திருக்கிறாள். சாமிக்கு வைத்த அரிசியைப் பூஜை முடிந்ததும் அரிசி வாளியிலேயே திருப்பிக் கொட்டிச் சமைப்பது அவள் இத்தனை வருஷப் பழக்கம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கை தானாகக் கொட்டிவிட்டது. பத்து கிலோ வாளி. சொன்னேனே, வெட்டித் திறந்தாலும் சில சமயம் கண்ணில் படாது என்று.

என் கணவர் இதற்கென்றே தொழிற்சாலையிலிருந்து காந்தம் ஒன்று கொண்டுவந்திருந்தார். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்று யார் சொல்வது? என்னிடம் குரல் இல்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு குண்டான் அரிசிக்கு மேல் காந்தத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் சமையலறையில் பெரிய தாம்பாளத்தில் பிடி பிடியாக அரிசியைக் கொட்டித் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். கட்டுப் போட்ட என் கையால் தள்ள வரவில்லை, இடது கையால் தள்ளினேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. எனக்குப் பேச முடியாது. அவளுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டேன்.

"கேட்டாங்க," என்றாள் திடீரென்று, தலையைத் தூக்காமல்.

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒன் மெசேஜ் வந்துச்சு. ஆபரேஷனுக்கு மறுநாள். ஒன் வீட்டுக்காரரு அனுப்புனாரு." கூலாய் என்று பெயர் போட்டதைக் கூலாய்க்கு அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர். வேலையில் சுத்தம். "அம்மா ஒன்னைய கேட்டாங்கடி. தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. குடுத்தா நெஞ்சுக்குள்ள போயிடும், குடுக்காதீங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பஞ்சுல நனைச்சு ஒதட்டுல வச்சேன், தட்டி விட்டுட்டாங்க. 'சின்னவள கூப்புடு, அவ வந்து நாலு சத்தம் போட்டா தண்ணி தானா வரும்'னாங்க. மூனு தடவ சொன்னாங்க."

அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"நாலு வருசம் குளிப்பாட்டுனது யாரு, சோறு ஊட்டுனது யாரு, மலம் மூத்திரம் அள்ளுனது யாரு? நாந்தானே? பக்கத்துல நிக்கிறது நாந்தானே? ஒன்னத்தான் கேட்டாங்க. வயித்தெரிச்சல்டி எனக்கு. காலைல கூப்புட்டுக்கலாம், என்னா அவசரம்னு இருந்துட்டேன். காலைல பேச்சு நின்னுபோச்சு. அப்புறம் என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்ன கூப்புடுவேன்? நீ சத்தம் போடுவேன்னு பயந்து கூப்புடலன்னு சொன்னது பொய்யி. நீ சத்தம் போடணும்னுதான் அம்மா கேட்டாங்க."

கோபம் வந்தது. பாதத்திலிருந்து கிளம்பி உச்சந்தலை வரைக்கும் வந்தது. ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தது, சுரப்பி ஆஸ்பத்திரிப் புட்டியில் கிடந்தது, ஆனாலும் வந்தது. ஆறு வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தேன்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல," என்றேன். காற்று.

"என்னாது?"

"ஒரு போன்..."

"கேக்கலடி," என்று காதைக் கொண்டுவந்து என் வாய்ப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது முறை அந்தக் காதுக்குள் மெதுவாகத்தான் சொன்னேன். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல, அக்கா." அவளுக்குக் கேட்டுவிட்டது. அப்படியே என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

கூடத்திலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் பழக்க தோஷம், ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் நடுவே வைத்துவிட்டுப் போனார். அக்காவும் நானும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நானும் அழுதேன். சத்தமே வராத அழுகை, தொண்டை வலித்ததுதான் மிச்சம். சாயங்காலம் வரைக்கும் தேடியும் வெள்ளி மணி கிடைக்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் குரல் முக்கால்வாசி திரும்பியது. பதினேழாம் நம்பரை வைத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். முன்கேட் வரைக்கும் கேட்டதாக ஜாகாக்காரர் சொன்னார். ஆனால் அக்காவுக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவள் செய்தது செய்ததுதான். என் அம்மா என்னைக் கேட்டதும் கேட்டதுதான். இரண்டும் எனக்குள் ஒன்றாகக் கிடந்து புரண்டன.

அடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. ஹார்மோன் சரி, கால்சியம் சரி. இந்த முறை கணவரை நம்பாமல் நானே படமெடுத்து அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன். கீழே எழுதினேன்: "கால்சியம் 2.31. இப்பவும் கோபமாத்தான் இருக்கேன்."

பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பிறகு பதில் வந்தது.

"வா. சோறு ஆக்கி வச்சிருக்கேன். பாத்து மெல்லு, அது இன்னும் கெடைக்கல."

அன்று எனக்கு லீவு. கூலாய்க்குப் போனேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பிடியையும் பார்த்துப் பார்த்து மென்றோம்.